சிவப்புப் பூ இரண்டு முறை

உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு கிராமத்தில் சுகாதார நர்ஸாக வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குப் போட்டியாக இருந்தது அந்த ஊர் அம்மன்தான். புதன்கிழமை தடுப்பூசி நாள். பழங்காநத்தத்திலிருந்து காலையிலேயே கிளம்பி, இரண்டு பஸ் மாறி, மருந்துப் பெட்டியோடு போய் நிலையத்தைத் திறந்து உட்கார்ந்தால் நான்கு பேர் வருவார்கள். அந்த நான்கு பேரில் ஒருவர் மூட்டுவலித் தைலம் இருக்கிறதா என்று கேட்க வந்தவராக இருப்பார். ஆனால் முந்தின நாள், செவ்வாய்க்கிழமை சாயங்காலம், அம்மன் கோயில் பூசையில் என்னிடம் வரவேண்டிய அத்தனை பேரையும் பார்க்கலாம். கைப்பிள்ளைக்காரிகள், மாசமாக இருக்கும் பெண்கள், அவர்களுடைய மாமியார்கள். நான் வீடு வீடாகக் கதவைத் தட்டி, பதிவேட்டில் பெயர் எழுதி, போன் போட்டு ஞாபகப்படுத்தியும் வராதவர்கள், கோயில் மணி ஒருமுறை அடித்ததும் தலை சீவிப் பூ வைத்துக்கொண்டு வந்து நின்றார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை பொறாமை தாங்காமல் பூசாரியிடமே போனேன்.

"அண்ணே, பூசை முடிஞ்சதும் மைக்ல ஒரு வார்த்தை சொல்றீங்களா? நாளைக்கு ஊசி போடுற நாளுன்னு."

பூசாரிக்கு அறுபது வயது இருக்கும். கொஞ்சம் மானாவாரி நிலம், இரண்டு பசுமாடு, பரம்பரையாக வந்த பூசை. அதிகம் பேசமாட்டார். மைக்கைப் பிடித்தால் மட்டும் ஆளே மாறிவிடுவார். திருநீற்றுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு மைக்கை வாங்கினார்.

"ஊர்ப் பொதுமக்களுக்கு அறிவிப்பது என்னவென்றால், நாளைக்கு நர்ஸம்மா ஊசி போடும். அம்மை வந்துட்டா ஆத்தா பாத்துக்கிருவா. வராமப் பாத்துக்கிறது நர்ஸம்மா வேலை. ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்கிறாம பிள்ளைகளத் தூக்கிட்டு வந்து சேரவும்."

எங்கள் பயிற்சி வகுப்பில் இரண்டு நாள் சொல்லிக்கொடுத்ததை அவர் மூன்று வரியில் முடித்துவிட்டார். மறுநாள் என்னிடம் இருந்த நாற்காலிகள் போதவில்லை. அழுகைச் சத்தம் பஸ் நிறுத்தம் வரை கேட்டது. அதன்பிறகு செவ்வாய்க்கிழமைதோறும் பூசை முடிந்ததும் என் அறிவிப்பு வரும். நானும் அம்மனும் சமாதானமாகிவிட்டோம்.

அடுத்து வந்தது பங்குனிப் பொங்கல்.

அந்த ஊர்த் திருவிழாவில் ஒரு கட்டு உண்டு. பூசாரி கையில் மஞ்சள் துணியில் காப்புக் கட்டிய நாளிலிருந்து பொங்கல் முடியும்வரை ஊர்க்காரர்கள் யாரும் வெளியூரில் இரவு தங்கக்கூடாது. மதுரைக்கு வேலைக்குப் போனாலும் கடைசி பஸ்ஸிலாவது வந்து சேர்ந்துவிட வேண்டும். இன்னொன்று, காப்புக் கட்டியவர் வீட்டில் அந்த நாட்களில் சாவு விழுந்தாலும் பிள்ளை பிறந்தாலும் தீட்டு. அவரும் அவருடைய பங்காளிகளும் கோயிலுக்குள் போக முடியாது, கரகம் தூக்க முடியாது.

பூசாரியின் மருமகள் அப்போது நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். இருபத்தியிரண்டு வயது, முதல் பிரசவம். பூசாரி மனைவியின் தம்பி மகள்தான் அவள். அத்தை வீட்டிலேயே வாழ்க்கைப்பட்டவள். தாய்வீடு அடுத்த தெரு என்பதால் வளைகாப்பு முடிந்தும் அங்கே ஒரு நாள் இங்கே ஒரு நாள் என்று இருந்தாள். பிரசவத் தேதிக்கு இன்னும் நான்கு வாரம் இருந்ததால் பொங்கல் தாண்டிவிடும் என்று எல்லோரும் கணக்குப் போட்டு நிம்மதியாக இருந்தார்கள். நானும்தான்.

காப்புக் கட்டி மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை. முந்தின நாள் பரிசோதனைக்கு அவள் வரவில்லை என்பதால் சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் வீட்டுக்கே போனேன். மருமகள் பாயில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். முகம் பூரித்திருந்தது. பக்கத்தில் போனபிறகுதான் அது பூரிப்பல்ல, உப்புநீர் வைத்த வீக்கம் என்று தெரிந்தது. கால் கொலுசு சதைக்குள் பதிந்திருந்தது. கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்த்தேன். மேலே நூற்று அறுபது, கீழே நூற்றுப் பத்து. மெஷின்தான் பழுதோ என்று கழற்றி என் கையிலேயே கட்டிப் பார்த்தேன். எனக்குச் சரியாகக் காட்டியது. அவளுக்கு மறுபடியும் அதே அளவு. சிறுநீர்ப் பரிசோதனையிலும் புரதம் நிறைய இறங்கியிருந்தது.

"தலை வலிக்குதாம்மா?"

"ரெண்டு நாளா லேசா இருக்குக்கா. கண்ணு முன்னால பூச்சி பறக்குற மாதிரி இருக்கு. வெயில் சூடுன்னு நெனச்சேன்."

எங்கள் தொழிலில் கண் முன்னால் பூச்சி பறக்கிறது என்றால் அடுத்து வலிப்பு வரலாம் என்று அர்த்தம். வலிப்பு வந்தால் தாயும் போகலாம், பிள்ளையும் போகலாம். வாசலுக்கு வந்து ஆரம்ப சுகாதார நிலைய டாக்டருக்குப் போன் போட்டேன். "ஒரு நிமிஷம்கூட வச்சிருக்காதீங்க, உடனே மதுரைக்கு அனுப்புங்க, இன்னைக்கே பிள்ளையை எடுக்க வேண்டியிருக்கலாம்" என்றார் அவர்.

உள்ளே போய்ச் சொன்னேன். அடுப்படியிலிருந்து வந்து உட்கார்ந்த மாமியார் வெங்காயத் தட்டைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டார்.

"உப்புநீர் எல்லா மாசக்காரிக்கும் வைக்கிறதுதான் நர்ஸம்மா. செவ்வாக்கெழமை பொங்கல். புதன்கெழமை முளைப்பாரி கரைச்சிருவோம். வியாழக்கெழமை காலையில மொத பஸ்ஸுக்கு நானே கூட்டிட்டு வாரேன்."

"வியாழக்கிழமை வரைக்கும் தாங்காதும்மா."

"இப்பப் போனா ஆஸ்பத்திரியில படுக்கையப் போட்ருவாக. கத்தி வச்சுப் பிள்ளைய எடுத்துட்டா இந்த வீட்ல தீட்டு. கரகத்த யார் தூக்குறது? இருபத்தஞ்சு வருசமா மாறாத கை."

அந்த இடத்தில் நான் நிதானமாகப் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. "இந்தப் பொண்ணு செத்துப்போனா மட்டும் கரகம் தூக்குவீங்களா?" என்று கத்திவிட்டேன். காப்புக் கட்டிய வீட்டில் யாரும் வாயில் எடுக்காத வார்த்தை அது. மாமியார் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். மருமகள் அழ ஆரம்பித்தாள். வாசலில் குட்டியானை வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த அவள் புருஷன் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தான். "போய்ட்டு வாங்க நர்ஸம்மா" என்றார் மாமியார். மரியாதையாகத்தான் சொன்னார், ஆனால் கதவைச் சாத்திவிட்டார்.

தெருவில் நின்று என்ன செய்வது என்று யோசித்தேன். அப்போதுதான் முளைப்பாரி வீட்டிலிருந்து பெண்கள் பேசும் சத்தம் கேட்டது.

முளைப்பாரி பெண்களின் காரியம். நவதானியத்தைப் பானைகளில் விதைத்து, வெளிச்சம் படாத ஒரு வீட்டில் பூட்டி வைத்து, திருவிழா முடிவதற்குள் முழங்கை உயரத்துக்கு வளர்த்துவிடுவார்கள். தினமும் சாயங்காலம் கோயில் முன்னால் கும்மி கொட்டிப் பாடினால்தான் பயிர் நன்றாக வரும் என்பது நம்பிக்கை. இதற்கெல்லாம் தலைமை ஓர் அக்கா. ஐம்பது வயதிருக்கும். மதுரையில் கட்டிட வேலைக்குச் சித்தாளாகப் போய்வருகிறவர். மூன்றாவது மாடியில் நிற்கும் கொத்தனாருக்குக் கீழேயிருந்து பேசிப் பேசித் திரண்ட குரல்.

அந்த அக்காவுக்கும் பூசாரிக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. எப்போதோ ஒரு வருஷம் ஊர்வலத்தில் கரகம் முன்னால் போவதா முளைப்பாரி முன்னால் போவதா என்று வந்த சண்டை. அதிலிருந்து இருவரும் ஒரே கோயில் காரியத்தைப் பேசிக்கொள்ளாமலே செய்துவந்தார்கள். அதனால் இந்த அக்காவிடம் போய்ப் பயனில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனாலும் கால் போய்விட்டது. எல்லாவற்றையும் சொன்னேன், நான் கத்தியதையும் சேர்த்து.

அக்கா கேட்டுவிட்டு, "நீங்க சொன்னதுல தப்பில்ல, சொன்ன எடந்தான் தப்பு" என்றார். பிறகு எழுந்து சேலையை இழுத்துச் செருகினார். "வாங்க."

"நீங்கதான் அந்த வீட்டோட பேசுறதில்லையேக்கா?"

"பேசுறதில்லன்னா சாக விட்ருவேனா? சின்னதுலருந்து அது எங்கூடக் கும்மிக்கு நிக்கிற பிள்ள."

பொழுது சாய ஆரம்பித்திருந்தது. கோயில் முன்னால் பெண்கள் வட்டமாக நின்று கும்மிக்குத் தயாராக இருந்தார்கள். அக்கா நடுவில் போய் நின்று, "இன்னைக்குக் கும்மி கெடையாது. பூசாரி மருமக ஆஸ்பத்திரி வண்டியில ஏறுனதுக்கு அப்புறந்தான் கை தட்டுவோம்" என்றார். ஒருத்தியும் ஏன் என்று கேட்கவில்லை. அத்தனை பேரும் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்கள். திருவிழாவில் கும்மிச் சத்தம் நின்றால் ஊருக்கே கேட்கும் போலிருக்கிறது. கால்மணி நேரத்தில் ஆண்களெல்லாம் கூடிவிட்டார்கள். பூசாரியும் கோயிலுக்குள்ளிருந்து வெளியே வந்தார். மருமகளின் நிலைமை அவருக்கு அதுவரை தெரியாது.

அக்கா அவருக்கு நேர் எதிரே, ஐந்தடி தூரத்தில் நின்றுகொண்டு, என்னைப் பார்த்துப் பேசினார். "சொல்லுங்க அவர்ட்ட, பிள்ளைக்குத் தலை சுத்தி வலிப்பு வரப்போகுதுன்னு."

நான் பூசாரியிடம் சொன்னேன். பிரஷர், உப்புநீர், டாக்டர் சொன்னது எல்லாவற்றையும்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. கையிலிருந்த காப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் என்ன செய்யட்டும் நர்ஸம்மா? கட்டு நான் போட்டதில்லையே. ஆத்தா உத்தரவு குடுத்தா இந்த நிமிசமே அனுப்பிச்சுருவேன். பூக் கேட்டுப் பார்ப்போம்."

பூவா இதை முடிவு செய்வது என்று கேட்க நினைத்தேன். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. ஏற்கெனவே திறந்ததன் பலன் தெரிந்திருந்தது. கைமட்டும் பையிலிருந்த போனை எடுத்து 108-ஐக் கூப்பிட்டது. அம்மன் என்ன சொன்னாலும் வண்டி வர எப்படியும் அரைமணி நேரம் ஆகுமே.

வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், இரண்டையும் வாழை இலையில் ஒரே மாதிரி மடித்து அம்மன் காலடியில் போட்டார்கள். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம் என்று அர்த்தம். எடுக்க ஒரு சின்னக் குழந்தையைத் தேடினார்கள். கிடைத்தது ஒரு மூன்று வயதுப் பெண்பிள்ளை. போன மாதம்தான் அவளுக்கு நான் ஊசி போட்டிருந்தேன். என்னைப் பார்த்ததும் அலறிக்கொண்டு அம்மாவின் முந்தானைக்குள் நுழைந்துவிட்டாள். "நர்ஸம்மா, நீங்க கொஞ்சம் தள்ளிப் போங்க" என்று கூட்டத்தில் சத்தம். ஒரு உயிர் ஊசலாடுகிற நேரத்தில் நான் வேப்பமரத்துக்குப் பின்னால் போய் ஒளிந்து நின்றேன்.

பூசாரி கண்ணை மூடிக் கேட்டார். "தாயே, பிள்ளைய ஊர விட்டு அனுப்பலாமா?"

குழந்தை ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். பிரித்தார். சிவப்பு.

கூட்டம் பெருமூச்சு விட்டது. மாமியார் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டார். அவருக்கு அதில் சந்தோஷமில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மரத்துக்குப் பின்னாலிருந்து ஓடிவந்தேன். என்ன சொல்வதற்காக வந்தேன் என்று இன்றுவரை தெரியாது. அதற்குள் அக்காவின் குரல் கேட்டது.

"நர்ஸம்மா, சொல்லுங்க அவர்ட்ட, கேள்வியே தப்புன்னு. காப்புக் கட்டுன ஊர்ல நின்னுக்கிட்டு ஊர விட்டு அனுப்பலாமான்னு கேட்டா எந்தத் தாயி சரின்னு சொல்லுவா? இந்தப் பிள்ளைய இங்கனயே வச்சுக்கிட்டு வேடிக்கை பாக்கவான்னு கேக்கச் சொல்லுங்க."

நான் அதை வார்த்தை மாறாமல் சொன்னேன். பூசாரி நிமிர்ந்து பார்த்தார். என்னையல்ல, அக்காவை. பிறகு பூக்களைப் புதிதாக மடிக்கச் சொன்னார். என்னை மறுபடியும் மரத்துக்குப் பின்னால் அனுப்பினார்கள்.

"தாயே, இவள இங்கனயே வச்சுக்கிறவா?"

மறுபடியும் சிவப்பு.

வேண்டாம் என்று அம்மன் சொல்லிவிட்டாள். கூட்டத்தில் எழுந்த குலவைச் சத்தத்தில் 108 வண்டியின் சைரன்கூடச் சரியாகக் கேட்கவில்லை. பூசாரி வீட்டுக்கு ஓடினார். அறுபது வயது மனிதர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. மருமகள் நெற்றியில் திருநீறு வைத்து, "போய்ட்டு வா தாயி, பயப்படாத" என்றார். அவள் புருஷனும் நானும் கூட ஏறிக்கொண்டோம். வண்டி தெருமுனை திரும்புகையில் பின்னால் கும்மிக் கைத்தட்டல் ஆரம்பித்தது. அந்தப் பையன் அப்போதுதான் முதல்முறையாக வாய் திறந்தான். "அக்கா, பொழச்சிருவாள்ல?" அவன் கையில் இன்னமும் வண்டி துடைத்த துணி இருந்தது.

வழியில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வலிப்புத் தடுப்பு ஊசி போட்டு, மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மறுநாள் காலையில் அறுவை செய்து பிள்ளையை எடுத்தார்கள். பெண்குழந்தை. ஒன்றே முக்கால் கிலோ. என் முழங்கையிலிருந்து விரல்நுனி வரைக்குமான நீளம்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்துக்கொண்டு யாரையோ திட்டுவதுபோலக் காலை உதைத்துக்கொண்டிருந்தது. தாய்க்கு இரண்டு நாள் பிரஷர் ஏறி இறங்கிப் பயமுறுத்திவிட்டு மூன்றாம் நாள் அடங்கியது.

செய்தியைப் போனில் சொன்னபோது பூசாரி, "ரெண்டும் சொகமா இருக்கா?" என்று இருமுறை கேட்டார். பிறகு போய்த் தன் காப்பை அவிழ்த்தாராம். பங்காளிகள் எல்லோருக்கும் தீட்டு என்பதால் மச்சினன் கையில் அதைக் கட்டினார்கள். அதாவது, அந்தப் பெண்ணைப் பெற்ற அப்பா கையில். பிள்ளை பெற்ற பெண்ணின் அப்பனுக்குத் தீட்டு இல்லை, மாமனாருக்குத்தான் தீட்டு என்ற இந்தச் சட்டத்தை எனக்குப் பலமுறை விளக்கினார்கள். புரிந்ததாகத் தலையாட்டினேன்.

செவ்வாய்க்கிழமை பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். பூசாரி கோயில் எல்லைக்கு வெளியே, வளையல் கடைக்கும் பலூன் கடைக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தார். கையில் சேமியா ஐஸ்.

"வாங்க நர்ஸம்மா. இம்புட்டு வருசத்துல நான் இந்தத் திருவிழாவ முன்னால நின்னு பாத்ததே இல்ல. தலையில கரகத்த வச்சா கண்ணு தரையத்தான் பாக்கும். நல்லாத்தான் நடத்துறோம், இல்ல?"

"ரொம்ப நல்லா இருக்குண்ணே."

மச்சினன் கரகத்தோடு தடுமாறித் தடுமாறி ஆடி வந்தார். பூசாரி உதட்டைப் பிதுக்கினார். "வலது கால மொத வைக்கணும். சொன்னாக் கேக்க மாட்டான்." ஐஸ் உருகி முழங்கைக்கு வழிந்தது. அதைத் துடைத்துக்கொண்டே குரலைத் தாழ்த்தி, "ஏன் நர்ஸம்மா, ரெண்டாவது தடவை வெள்ளை வந்திருந்தா என்ன செஞ்சிருப்பீக?" என்றார்.

"மூணாவதா ஒரு கேள்வி கேட்டிருப்போம்ணே."

"நானும் அதத்தான் நெனச்சுக்கிட்டு நின்னேன்" என்றார்.

பொங்கல் முடிந்த மறுநாளே மாமியார் துணிமூட்டையோடு ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். குழந்தையைத் தாயின் மார்போடு ஒட்டிவைத்துச் சூடு கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். தாய் தூங்கும் நேரத்தில் அத்தையான அந்த மாமியார் தன் மார்பில் போட்டுக்கொண்டு மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்திருப்பார். ஒருநாள் நான் போனபோது, "நர்ஸம்மா, அன்னைக்குக் கதவச் சாத்துனேன், மனசுல வச்சுக்கிறாதீக" என்றார். "நானும் பேசக்கூடாதத பேசிட்டேம்மா" என்றேன். இருவரும் குழந்தையின் காதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பட்டாணி விதைபோல இருந்தது.

அந்த வருஷத்துக்குப் பிறகு ஊரில் என் வேலை பாதியாகிவிட்டது. மீதிப் பாதியை முளைப்பாரி அக்கா எடுத்துக்கொண்டார். செவ்வாய்க்கிழமை பூசைக்கு முன்னால் கோயில் மண்டபத்தில் ஒரு நாற்காலி போட்டு, மாசமாக இருக்கும் பெண்களுக்கு நான் பிரஷர் பார்ப்பேன். அக்கா வரிசையை ஒழுங்குபடுத்துவார். சத்து மாத்திரை சாப்பிடாதவளைக் கும்மி வட்டத்தில் நிற்க விடமாட்டார். "முழுங்குனியா? நாக்க நீட்டு பாப்போம்" என்று மிரட்டுவார். மாத்திரை நாக்கில் தெரியாது என்று நான் சொல்லிப் பார்த்தேன். "அது அவளுகளுக்குத் தெரியாதுல்ல" என்றார்.

அடுத்த பங்குனியில் காப்புக் கட்டும்போது பூசாரி வழக்கமான கட்டுப்பாடுகளை மைக்கில் சொல்லிவிட்டு, கூடவே ஒன்றைச் சேர்த்தார். "மாசமா இருக்கவுகளுக்கும் கைப்பிள்ளைக்காரிகளுக்கும் இந்தக் கட்டு கெடையாது. ஆஸ்பத்திரிக்கு எந்நேரமும் போகலாம், தங்கலாம். தீட்டு வந்தா வரட்டும், கரகம் தூக்க மச்சினன் இருக்கான்." கூட்டத்தில் இருந்த மச்சினன் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். பக்கத்து ஊர்க்காரர்கள் சிலர் அது எப்படி மாற்றலாம் என்று கேட்டதாகக் கேள்வி. பூசாரி அவர்களுக்கு என்ன பதில் சொன்னார் என்று தெரியவில்லை. கட்டு மாறியது மாறியதுதான்.

அந்தச் சித்திரை கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, அழகர்கோவிலில் குழந்தைக்கு மொட்டையும் காதுகுத்தும். அழைப்பிதழில் சுகாதார நிலையத்துக்கென்று தனியாக ஒரு வரி அச்சடித்திருந்தார்கள். போனேன். மலையடிவாரத்து மரநிழலில் ஊரே உட்கார்ந்திருந்தது. மொட்டை போடும்வரை குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. முதல் காது குத்தியதும் ஒரு கணம் யோசித்தது. இரண்டாவது காதைக் குத்தி முடிப்பதற்குள் மரத்திலிருந்த குரங்குகள் எல்லாம் ஓடிவிட்டன. அவ்வளவு குரல். அந்தக் குரலுக்குத் தேவையான நுரையீரல் ஒன்றே முக்கால் கிலோவுக்குள் எங்கே இருந்ததோ.

பந்தியில் எனக்குப் பக்கத்தில் மருமகள் வந்து உட்கார்ந்தாள். இலையில் சோறு விழுந்ததும் என் காதுக்குள், "அக்கா, அடுத்தது இப்ப வேணாம். ஒரு மூணு வருசமாச்சும் போகட்டும். அதுக்கு ஏதோ காப்பர் வளையம் வப்பாகளாமே, நல்லதா?" என்றாள். குழம்புச் சட்டியோடு பின்னால் நின்ற மாமியாருக்கு அது கேட்டுவிட்டது. நான் கொஞ்சம் பதறினேன்.

மாமியார் குனிந்து எனக்குக் குழம்பை ஊற்றினார். "நானே ஒங்ககிட்டத் தனியாக் கேக்கணும்னுதான் இருந்தேன் நர்ஸம்மா. வச்சு விட்ருங்க. ஒடம்பு தேறட்டும்."

"வியாழக்கிழமை கூட்டிட்டு வாங்கம்மா" என்றேன்.

"காலையில மொத பஸ்ஸுக்கு வாரோம்" என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போனார்.